கஞ்சா வளர்ப்புப் புத்தகமும் என் குடியுரிமையும்

1

பலேர்மோவுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டதை இந்த முறை எனக்கு நினைவூட்டியது குவெஸ்தூராவில் இருக்கும் விரலடையாள இயந்திரம். பொலிஸ் தலைமையகத்தை இங்கே எல்லோரும் குவெஸ்தூரா என்றுதான் சொல்வோம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் பத்து விரலையும் அந்தக் கண்ணாடியில் வைக்க வேண்டும். என் பெருவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. நிலம் துடைக்கும் மருந்துத் தண்ணீரில் கிடந்து கிடந்து ரேகை தேய்ந்துவிட்டது. பொலிஸ்காரப் பெண் என் விரலைத் துடைத்தார், அழுத்தினார், மறுபடி துடைத்தார்.

"இவ்வளவு காலமாக இருக்கிறீர்களே, ஏன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டார்.

அன்பாகத்தான் கேட்டார். நான்தான் விரலைக் கண்ணாடியிலிருந்து இழுத்துக்கொண்டேன். சீருடை போட்டவர்கள் கேள்வி கேட்டால் நான் அப்படித்தான்.

விண்ணப்பிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நீண்டகாலம் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் வதிவிட அட்டை எனக்குக் கிடைக்கவேயில்லை. வீட்டு வேலை செய்பவளின் வருமானம் அதற்கு ஒருபோதும் எட்டவில்லை. அந்த அட்டை இல்லாதவர்கள் பி ஒன் என்ற மொழித் தேர்வில் சித்தியடைய வேண்டும். என் இத்தாலியனோ குசினிக்குள் மட்டும் ஓடும் இத்தாலியன். வாளி, துடைப்பம், பாஸ்தா, "நாளைக்கு வாறன்" என்பதற்கு மேல் அது போகாது. தேர்வில் தப்பினாலும் அடுத்தது நன்னடத்தை. பொலிஸ் கோப்பில் ஒரு சின்னக் குறிப்பு விழுந்தாலும் எல்லாம் போச்சு.

எப்படியோ ரோசம் வந்து தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். அந்தக் கிழமைதான் சிஞ்ஞோரா லீவியா என்னிடம் கஞ்சா வளர்க்கும் புத்தகம் ஒன்று வாங்கி வரச் சொன்னார்.

2

நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அம்மா அவர். பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவதற்கு இங்கே சிஞ்ஞோரா என்பார்கள். எண்பது வயதுக்கு மேல். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு நான்காம் மாடியில் தனியாக இருக்கிறார், மகன் மிலானோவில். ஒரு காலத்தில் கப்பல் பயணச்சீட்டு விற்கும் அலுவலகத்தில் வேலை செய்தவர். இன்றைக்கும் நாப்போலிக் கப்பல் பிந்தி வந்தால் பால்கனியில் இருந்துகொண்டு திட்டுவார்.

போன வருடம் அவருக்கு அக்கி போட்டது. கொப்புளம் மாறியும் வலி மாறவில்லை. விலாப் பக்கத்து நரம்பிலேயே தங்கிவிட்டது. சட்டைத் துணி பட்டாலே துடித்துப்போவார். மருத்துவர் ஒரு எண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, சட்டப்படி மருந்துக்கடையில் வாங்குவது. அது கிடைத்த மாதங்களில் அவர் நித்திரை கொண்டார். கிடைக்காத மாதங்களில் கடைக்காரர் கையை விரித்தார். அப்படிப்பட்ட மாதங்கள்தான் அதிகம்.

சிஞ்ஞோரா சொன்னவற்றை என்னுடைய தமிழிலேயே எழுதுகிறேன். அவர் கதைப்பது எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

"கடையிலை இல்லையெண்டால் நாங்களே வளர்ப்பம். நீ இந்தப் பால்கனியிலை பாகல் வளர்க்கிறாய், கறிவேப்பிலை வளர்க்கிறாய். இதென்ன பெரிய காரியம்?"

"சிஞ்ஞோரா, அதுக்குச் சட்டம் இருக்கு."

"என்ரை வீடு, என்ரை பால்கனி, என்ரை வலி. ஆரும் கேட்டால் நான் மறுமொழி சொல்லுறன்."

"தண்ணி ஊத்துறது ஆர்?"

"நீதான்."

"அப்ப என்னட்டைத்தான் கேப்பினம்."

அவர் பாகல் கொடியைப் பார்த்தார். பிறகு, "முதலிலை புத்தகத்தை வாங்கிக்கொண்டு வா. புத்தகம் வாசிக்கிறதுக்கு ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்" என்றார்.

விதையை அவர் எப்போதோ தபாலில் எடுப்பித்து வைத்திருந்தார். சேகரிப்பதற்கு மட்டும், முளைக்க வைக்கக்கூடாது என்று அது வந்த கடதாசிச் சரையில் எழுதியிருந்தது. விற்கலாம், வாங்கலாம், மேசை லாச்சியில் வைத்து அழகு பார்க்கலாம், மண்ணில் மட்டும் போடக்கூடாது. வீட்டில் ஒன்றிரண்டு செடி வளர்ப்பதைப் பற்றி இங்கே ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். இந்த நாட்டுக்காரருக்கே பிடிபடாத விஷயம், பெர்மெஸ்ஸோவில் காலம் தள்ளும் எனக்கு எங்கே பிடிபடப்போகிறது?

பால்கனியில் நின்று பார்த்தால் கீழே துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் வாகனங்களை மோப்ப நாய்கள் முகர்வது தெரியும். நாய்க்கு நான்காம் மாடிவரை மணக்குமா என்று கேட்டேன். சிஞ்ஞோரா சிரித்தார், சிரித்ததில் விலா நொந்து முகத்தைச் சுளித்தார்.

3

புத்தகம் வாசிப்பதற்கு ஒருவரும் பிடிக்கமாட்டார்கள் என்பது இத்தாலிக்குச் சரி. நான் வேறு இடத்தில் வளர்ந்தவள்.

யுத்த காலத்தில் ஒருநாள் விடியற்காலை, யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியை இராணுவம் சுற்றி வளைத்தது. வீடு வீடாகச் சோதனை வருகிறது என்று கேள்விப்பட்டதும் அப்பா வீட்டில் இருந்த அச்சடித்த தாள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அடுப்படியில் போட்டார். அதில் அண்ணாவின் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகமும் இருந்தது. இலங்கைப் படத்தில் வடக்குப் பகுதிக்கு அண்ணா பச்சைப் பென்சிலால் நிறம் தீட்டியிருந்தார். வெங்காயம் விளையும் பிரதேசத்தைக் காட்டு என்று வாத்தியார் சொன்ன வீட்டுப்பாடம் அது.

"அப்பா, அது வெங்காயம்" என்று அண்ணா அழுதார்.

"வெங்காயம் எண்டு வாறவங்களுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு அப்பா அதைக் கிழித்து, தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் வைத்தார். வடக்குக்குத் தனி நிறம் என்றால் அவர்களுக்கு அது தனிநாட்டுப் படம்.

வந்தார்கள், கிளறினார்கள், போனார்கள். அண்ணாவைக் கொண்டுபோகவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா இதை இப்போது பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இன்னும் பகிடியாகவில்லை. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது யார் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

என் கணவர் மொண்டெல்லோவில் ஒரு உணவகக் குசினியில் வேலை செய்கிறார். காலையில் தேத்தண்ணியோடு யாழ்ப்பாணச் செய்தியைக் கைபேசியில் உரத்து வாசிப்பது அவர் வழக்கம். கடற்கரையில் கஞ்சாப் பொதி, கஞ்சாவோடு இருவர் கைது என்று கிழமைக்கு ஒன்றாவது வரும். அப்படி ஒரு செய்தி முடிந்த கையோடு சிஞ்ஞோராவின் ஆசையை அவருக்குச் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே?" என்றார்.

"புத்தகம் மட்டும்தானப்பா."

"முதலிலை புத்தகம். பிறகு செடி. பிறகு இந்தச் செய்தியிலை உம்மடை படம். சோதினைக்குப் பேர் குடுத்திட்டுச் செய்யிற வேலையே இது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்த விலாவில் தண்ணீரின் பாரம் படாமல் அவரைக் குளிப்பாட்ட இன்னொருத்தி எப்போது பழகி முடிப்பாள்? அதற்குள் அவர் என்ன பாடு படுவார்? மனம் வரவில்லை.

4

புத்தகக்கடைக்கு மகள் அபிராவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இங்கே பிறந்து, பதினெட்டு முடிந்ததும் நகரசபையில் சத்தியம் செய்து இத்தாலிக்காரி ஆனவள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் பொலிஸைக் கண்டால் நடை மாறாது.

நான் தோட்டக்கலைப் பகுதியில் ரோசாச் செடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கடைக்கண்ணால் தேடினேன். அவள் நேரே போய்க் கடைக்காரப் பையனிடம் உரத்துக் கேட்டாள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. அவனோ சமையல் புத்தகம் கேட்டதுபோல் தட்டைக் காட்டிவிட்டுப் போனான்.

"அம்மா, இது புதுசாத் தொடங்கிறவைக்கு" என்று அபிரா ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். "படம் நிறைய இருக்கு. இது வீட்டுக்குள்ளை லைட் போட்டு வளர்க்கிறவைக்கு, இஞ்சத்தை வெயிலுக்கு உங்களுக்குத் தேவையில்லை. இது பால்கனிக்கு. இதுதான் சரி."

"உனக்கு எப்பிடி இவ்வளவும் தெரியும்?"

"மம்மா, பின்னட்டையிலை எழுதியிருக்கு."

பின்னட்டையைப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. இருந்தாலும் அவள் அதை வாசித்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய சிநேகிதர்கள், அவர்கள் கூடும் அல்பெர்கேரியாச் சந்துகள், அவள் சட்டையில் சில நாட்களில் மணக்கும் வாசனைத் திரவியத்தின் அளவு, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் ஏறிக்கொண்டன. கேட்டால் சண்டை வரும். கேட்கவில்லை.

பால்கனிப் புத்தகம் மெல்லியது, பெரிய எழுத்து, அட்டை முழுக்க அந்த ஐந்து விரல் இலை. தொடங்குபவர்களுக்கானதில் கண்ணாடி போட்ட இலை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டில் எதை வாங்கினாலும் சிஞ்ஞோரா நாளைக்கே விதையை எடுத்துவிடுவார். தட்டின் அடியில் தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. பொடி எழுத்து, அட்டவணை, படமே இல்லை, அட்டை வெறும் சாம்பல் நிறம். ஒரு விவசாய விஞ்ஞானி எழுதியது. இதைத் திறந்தால் எந்த மனுசிக்கும் ஆசை விட்டுப்போகும் என்று நினைத்தேன்.

"இது காணும், இதையே எடுப்பம்" என்றேன்.

"அம்மா, அது கம்பஸிலை படிப்பிக்கிறவைக்கு. சிஞ்ஞோரா எப்பிடி வாசிப்பா?"

"அவ படிச்ச மனுசி. வாசிப்பா."

காசாளர் பெண், பரிசாகச் சுற்றித் தரவா என்று கேட்டார். சாம்பல் அட்டையிலும் தலைப்பு இருக்கிறதே, தெருவில் யாரும் கண்டால் என்ற பயத்தில் தலையாட்டிவிட்டேன். பொன் நிறத் தாளும் நாடாவும் சுற்றிக் கையில் கிடைத்தது. சந்திக்கு வருமுன்பே கோயில் குழுவில் இருக்கும் அண்ணர் ஒருவர் எதிரே வந்தார்.

"என்ன தங்கச்சி, ஆருக்குப் பிறந்தநாள்?"

"வேலை செய்யிற வீட்டு அம்மாவுக்கு அண்ணை" என்றேன். அபிரா சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் நடந்துவிட்டாள்.

5

என் தந்திரம் என் தலையிலேயே விழுந்தது. பொடி எழுத்து சிஞ்ஞோராவின் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நீ வாசி" என்றார்.

முதல் வேலையாகப் புத்தகத்துக்கு உறை போட்டேன். எந்தப் புத்தகத்துக்கும் உறை போட்டே பழகிய கை. தமிழ்க் கடையில் கொடுத்த பழைய கலண்டர் தாள்தான் கிடைத்தது. அதில் மயிலோடு முருகன். சிஞ்ஞோரா அட்டையைத் தடவிப் பார்த்து, இந்த வடிவான மனிதர் யார் என்று கேட்டார். சொன்னேன். அன்றுமுதல் அந்தப் புத்தகத்துக்கு மயில்காரர் என்று பெயர். பின்னேரம் சாப்பாடு முடிந்து கை கழுவியதும், "மயில்காரரை எடு" என்பார். நான் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வாசிப்பேன். முருகனிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்பேன்.

ஆரம்பத்தில் ஒரு பக்கம் தாண்ட மூச்சு வாங்கியது. நான் தடுக்கினால் சிஞ்ஞோரா எரிந்து விழுவார். அடுத்தது என்னவென்று அறியும் அவசரம் அவருக்கு. மண், வேர், வடிகால், பூஞ்சணம், ஈரப்பதம் என்று போய்க்கொண்டே இருந்தது. "ஆகையால்", "இருந்தபோதிலும்", "அவ்வாறு செய்யத் தவறினால்" என்றெல்லாம் இத்தாலியனில் சொல்ல எனக்கு அந்த விஞ்ஞானிதான் வாய் கொடுத்தார். வலி கூடிய நாட்களில் சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நிறுத்தினால் கண்ணைத் திறந்து, ஏன் நிறுத்தினாய் என்பார்.

மண்ணைப் பற்றிய அத்தியாயம் முடிந்ததும் ஒரு தொட்டி தயார் செய்யச் சொன்னார்.

"மண்ணை வைச்சிருக்கிறதுக்கும் சட்டமோ?"

புத்தகத்தில் சொன்னபடி மண் கலந்து தொட்டியை நிரப்பி, பாகலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"விதை எப்ப?" என்றார்.

"என்ரை அலுவல் எல்லாம் முடிஞ்சு, நான் சத்தியம் செய்த பிறகு, சிஞ்ஞோரா. அதுக்கு முன்னம் என்னாலை ஏலாது. எனக்குப் பயமாயிருக்கு."

விதைச் சரையை லாச்சியிலிருந்து எடுத்து பிரிட்ஜுக்குள் வைக்கச் சொன்னார்.

6

தேர்வில் எழுதுவதை எப்படியோ ஒப்பேற்றினேன். வாய்மொழிக்குக் கண்ணாடி போட்ட ஒரு கனவான் எதிரே இருந்தார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"செடி வளர்ப்பேன். பால்கனியில். பசிலிக்கோ" என்றேன். பலேர்மோவில் துளசி இனத்துப் பசிலிக்கோ இல்லாத பால்கனி கிடையாது. அதைவிடப் பத்திரமான செடி வேறில்லை.

எப்படி வளர்ப்பீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்தது. மண் கலவை, வடிகால், அதிக நீரினால் வேர் அழுகல், ஆகையால், இருந்தபோதிலும். நான் இத்தாலியன் கதைப்பதை நானே வியந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எனக்குக் குதூகலமாகிவிட்டது.

"மிக முக்கியமானது, ஆண் செடிகள் தெரிந்தவுடன் பிடுங்கிவிட வேண்டும்" என்றேன். "அவ்வாறு செய்யத் தவறினால் முழு அறுவடையும் பாழாகும்."

அவருடைய பேனா நின்றது. தலையை நிமிர்த்தினார்.

"பசிலிக்கோவில் ஆண் செடியா, சிஞ்ஞோரா?"

கண் முன்னால் குவெஸ்தூரா, கோப்பு, கணவர் வாசிக்கும் செய்தி, அதில் என் படம். எங்கிருந்து வந்ததோ தெரியாது, எங்கள் வீட்டுக் கிணற்றடிப் பப்பாசி வாயில் வந்தது.

"எங்கள் நாட்டில் பப்பாசி உண்டு" என்றேன். "அதில் ஆண் மரம், பெண் மரம் இருக்கிறது. ஆண் மரம் காய்க்காது. ஆகையால் வெட்டிவிடுவோம். நான் பப்பாசியை நினைத்துச் சொல்லிவிட்டேன்."

"பப்பாசி பால்கனித் தொட்டியில் வருமா?"

"வராது. அதனால்தான் பசிலிக்கோ வைத்திருக்கிறேன்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு ஏதோ எழுதினார். நான் எழுந்து கதவுவரை வந்ததும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "உங்கள் பப்பாசி நன்றாக வரட்டும், சிஞ்ஞோரா" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அபிரா நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். என் கணவர் சிரிக்கவில்லை. முடிவு வரும்வரை கீழ்க் கதவு மணி அடித்தால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் கனவான் என்னவெல்லாம் எழுதியிருப்பார் என்று நான் நினைக்காத நாளில்லை.

தேர்வில் சித்தி என்று முடிவு வந்தது.

7

சிஞ்ஞோராவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் கையைப் பிடித்து முத்தமிட்டார். "அப்ப அலுவல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

"இல்லை சிஞ்ஞோரா. இனித்தான் விண்ணப்பம் போடவேணும்."

"அதுக்கு எவ்வளவு காலம் எடுக்கும்?"

"ரெண்டு வருசம் எண்டுதான் சொல்லுவினம். மூண்டும் ஆகலாம்."

அவர் துறைமுகத்தைப் பார்த்தார். கப்பல் ஒன்றும் வரவில்லை. "விதை அவ்வளவு காலம் கிடக்குமோ, பார்" என்றார்.

முதலாம் அத்தியாயத்தில் இருந்தது. குளிரான, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது என்று வாசித்துச் சொன்னேன்.

"அப்ப விதைக்குப் பிரச்சினை இல்லை" என்றார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "முதலிலையிருந்து திரும்ப வாசி" என்றார். வாசித்தேன்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். இதை வாசிக்கும் ஊரவர்களுக்கும், யாரையாவது பிடித்து மொழிபெயர்ப்பித்துப் பார்க்கக்கூடிய அதிகாரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அந்தப் பால்கனியில் பாகலும் கறிவேப்பிலையும் வெறும் மண் நிரப்பிய ஒரு தொட்டியும் தவிர வேறொன்றும் இல்லை. அந்தத் தொட்டிக்கும் தண்ணீர் விடவேண்டும் என்பது சிஞ்ஞோராவின் கட்டளை. மண் காய்ந்து இறுகினால் பிறகு வேலைக்கு ஆகாது என்று புத்தகத்தில் இருக்கிறதாம். விடுகிறேன். தடியை ஊன்றிக்கொண்டு அவரால் விதை கிடக்கும் பிரிட்ஜ்வரை போக முடியும், பால்கனிவரையும் வர முடியும். அதனால் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல் நேரே பால்கனிக்குப் போய் அந்தத் தொட்டியைத்தான் குனிந்து பார்க்கிறேன். ஒன்றும் முளைத்திருக்காது. அப்பாடா என்று மூச்சு விடுவேன். அந்த மூச்சு முடிவதற்குள், மறுபக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் அவர் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுவார்.